பிலிம் ஓடாமலே எடுத்த அறுபதாம் கல்யாணம்

பிலிம் மாட்டுவதில் ஏமாந்தவர்கள் எழுதுவதைப் படித்தபின் என் கதையையும் சொல்லத் துணிகிறேன். லைக்கா எம்3 என்ற பழைய பிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே, திருக்கடையூரில் நடந்த சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அதுவரை, முதுகுப்பக்கம் முழுவதும் கதவாகத் திறக்கும் எஸ்எல்ஆர் கேமராவில் மட்டுமே பழகியிருந்தேன். 1954இல் வெளிவந்த எம்3இலோ அடித்தட்டைக் கழற்றி, பிலிமைச் சுற்றிக்கொள்ளும் உள்ளிருக்கும் சுருள்தண்டை வெளியே எடுத்து, அதன் கவ்வியில் பிலிமின் நாக்கை (ரோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் குறுகலான முனையை) செருகி, ரோலையும் தண்டையும் ஒருசேரக் கீழிருந்து உள்ளே தள்ள வேண்டும். பின்பக்கச் சிறு மடலைத் தூக்கி, பிலிமின் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தினவா என்று பார்ப்பதும் அவசியம். மாங்கல்யதாரணத்துக்கு நேரமாகிவிட்டது என்று குரல் கேட்டதும் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

எடுத்த படங்களைக் காட்டும் எண்காட்டி, ரோலின் கடைசிப் படமான 36ஐத் தாண்டிய பின்பும், பிலிமை நகர்த்தும் லீவர் வெண்ணெய் போல நகர்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பிலிமை ரோலுக்குள் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழைத் திருகினால், ஓரிரு சுற்றிலேயே பிடிமானம் அற்றுப்போயிற்று. நாக்கு தொடக்கத்திலேயே கவ்வியிலிருந்து நழுவியிருக்கிறது. எண்காட்டியோ லீவர் இழுபடுவதை எண்ணுமே தவிர, உள்ளே பிலிம் ஓடுகிறதா என்பதை அறியாது. சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை, சதாபிஷேகத்துக்கு வந்து எடு என்றார்.

இப்போதெல்லாம் மூடியபின் ரீவைண்ட் குமிழை அம்புக்குறித் திசையில் மெல்லத் திருகி, தொய்வு நீங்கி இறுகியதும் நிறுத்துகிறேன். பிறகு லீவரை இழுக்கும்போது குமிழின் தலையிலுள்ள இரண்டு சிவப்புப் புள்ளிகளும் எதிர்த்திசையில் சுழல வேண்டும். முதல் இரண்டு இழுப்போடு நிறுத்தாமல், நாலைந்து படங்கள் வரை அவற்றைக் கவனிப்பது என் வழக்கம்.

---

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். உங்களுக்காவது எட்டிப்பார்க்க ஒரு மடல் இருந்தது. கீழிருந்தே பிலிம் போட வேண்டிய என்னுடைய லைக்கா 3எஃப் கேமராவில் அதுவும் கிடையாது. இக்காலப் பிலிம்களின் குட்டை நாக்கு இதற்குப் போதாது என்பதை அறியாமல் அப்படியே செருகியதில், அகலமான பகுதி உள்ளே சிக்கிக்கொண்டது. நாக்கைச் சுமார் 10 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்தால்தான் பிலிம் தடையின்றி இறங்குகிறது. அவ்வாறு கத்தரிக்கும்போது துளையின் நடுவே வெட்டிவிடக் கூடாது. அந்த இடத்தில் பிலிம் கிழிந்து, துணுக்கு ஷட்டர் பக்கம் போய்விடக்கூடும். தெருவில் நின்றுகொண்டு பேனாக்கத்தியால் வெட்டி ஒரு ரோலைப் பாழாக்கியபின், வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் மூன்று ரோல்களை வெட்டி வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். அடையாளத்துக்கு வெட்டியவற்றின் டப்பாக்களில் மட்டும் ரப்பர் பேண்ட் போட்டிருப்பேன்.