புதுப்பிப்பு: பாட்டியின் வீணையும் ரெப்ளெவினும்

போன வாரம், பழைய ரூம்மேட் தர மறுக்கும் பாட்டியின் வீணையை அமெரிக்காவில் எப்படி மீட்பது என்று கேட்டிருந்தேனே, வக்கீலைப் பார்த்துவிட்டேன். இதற்கு ரெப்ளெவின் என்று பெயர். நஷ்டஈடு வேண்டாம், அந்தப் பொருளே வேண்டும் என்று போடும் வழக்கு. பணம் போதும் என்றால் அது கன்வெர்ஷன். தீர்ப்புக்கு முன்பே ஷெரீஃப் போய் எடுத்து வரலாம், ஆனால் நாம் பிணை கட்ட வேண்டும், பல மாநிலங்களில் பொருளின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு (எனக்குத் தலை சுற்றியது அங்கேதான்). எதிராளிக்குச் சொல்லாமல் தூக்கவும் சாதாரணமாக முடியாது. முன்விசாரணையே இல்லாமல் எடுக்க விட்ட ஃபுளோரிடா, பென்சில்வேனியா சட்டங்களை 1972-ல் ஃபுவென்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

சரி, இப்போதைக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்பியிருக்கிறேன். அப்புறம், வீணையோடு பாட்டி இருக்கும் பழைய போட்டோவை அம்மா தேடிக்கொண்டிருக்கிறார், எங்களுடையது என்று காட்ட வேறொன்றும் இல்லை.