சென்சார் போட்டால் ரோடு அலை அலையாக வருகிறதே?

பேவர் (தார்க் கலவையை ரோட்டில் விரிக்கும் மெஷின்) ஓட்ட ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. கனத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கையால் பிடித்தே பழகியவன். இப்போது திண்டுக்கல் பக்கம் டிபிஎம் (மேல் லேயருக்குக் கீழே வரும் தார்க் கலவை லேயர்) போடுகிறோம், ஓரமாக மட்டத்துக்கு நூல் கட்டி, அதைத் தொட்டு உயரம் பார்க்கும் சென்சாரில். சென்சாரே உயரத்தைச் சரிசெய்யும்படி ஆட்டோவில் போட்டால் ஏறி இறங்கி வருகிறது. மெஷினைத்தான் சந்தேகப்படுகிறேன்.

பதில் 1:
அண்ணே, மேட்டுக்கு மேடு எவ்வளவு தூரம்? இரண்டு மூன்று அடிக்கு ஒன்று என்றால் சென்சாரின் சென்சிட்டிவிட்டி அதிகம். பெக் (நூலைத் தாங்கும் முளை) இடைவெளிக்குச் சமம் என்றால் நூல் தொய்வு. அப்புறம், ஆட்டோவில் ஓடும்போது திருகைத் தொட்டீர்களா? ஸ்கிரீடு (கலவையை மட்டமாக்கும் கனமான தட்டு) கலவை மேல் மிதப்பது. இழுக்கும் முனையை உயர்த்தினால் முழு உயரம் வர, அதை மெஷினோடு இணைக்கும் இழுவைக் கையின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் ஓடணும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி திருகினால் அலைதான்.

கேட்டவர்:
தொட்டேன், ஒத்துக்கொள்கிறேன். பழக்கதோஷம். மேட்டுக்கு மேடு அளந்தேன், சரியாக 10 மீட்டர், பெக் இடைவெளியும் அதுவே.

பதில் 2:
அப்படியென்றால் நூல்தான். 5 மீட்டருக்கு ஒரு பெக் அடித்து, நன்றாக முறுக்கிக் கட்டுங்கள். ஸ்கிரீடு முன்னால், ஆகரில் (கலவையைப் பக்கவாட்டில் பரப்பும் சுழல் தண்டு) கலவை ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் எந்த சென்சாரும் தோற்கும். மேலே வரும் பிசி லேயருக்கு (கடைசித் தார்க் கலவை லேயர்) நூல் வேண்டாம், நீள ஸ்கீ (கீழ் லேயர் மேல் இழுபட்டு சராசரி மட்டம் காட்டும் நீளச் சட்டம்) போதும்.

கேட்டவர்:
நூலைக் குனிந்து பார்த்தேன். நடுவில் விரல் பருமன் தொய்வு. கொஞ்சம் தள்ளி, யாரோ சாப்பாட்டுப் பையை அதிலேயே மாட்டியிருக்கிறார்கள். பையை எடுத்து, இறுக்கிக் கட்டியாச்சு. திருகு ஸ்பானரை ஹெல்பரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.