புட்டர் கூடையருகே இடப்பக்கம் விழுகிறது, டீ மேடையிலிருந்து வலப்பக்கம் ஓடுகிறது: எந்தப் புட்டர் வாங்குவது?

புதுக்கை (எஸ்போ, பின்லாந்து) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகப் பின்லாந்துக்கு வந்த பிறகு அலுவலக நண்பர்களோடு டிஸ்க் கோல்ஃப் ஆடப் பழகிக்கொண்டேன். டீ மேடை எனும் தொடக்க இடத்திலிருந்து தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் குறைந்த வீச்சுகளில் போடும் ஆட்டம் இது. இங்கு ஊருக்கு ஊர் காட்டோரத்தில் ஆடுகளங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கட்டணமும் இல்லை. தொலைவுக்கு டிரைவர், நடுத்தொலைவுக்கு மிட்ரேஞ்ச், கூடைக்குள் போடப் புட்டர் என மூன்று டிஸ்க்குகள் அடங்கிய தொடக்கநிலைப் பெட்டி ஒன்றை வாங்கி அதை வைத்தே ஆடி வருகிறேன். வலது கையால், உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசும் பேக்ஹேண்ட் முறையில் வீசுகிறேன்.

என் சிக்கல் புட்டரில்தான் இருக்கிறது. கூடையிலிருந்து ஐந்து மீட்டருக்குள் நின்றால் ஓரளவு போட்டுவிடுகிறேன். ஏழெட்டு மீட்டர் ஆகிவிட்டால், டிஸ்க் முதலில் எழும்பி, பிறகு வேகம் குன்றி, கூடைக்கு இடப்பக்கம் தாழ்வாக விழுந்துவிடுகிறது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அதே வீச்சு கூடையின் மேல்வளையத்தையும் தாண்டிப் பறக்கிறது. குறுகிய துளைகளில் (ஒரு டீ மேடையிலிருந்து அதன் கூடை வரையுள்ள பகுதியே துளை) அதே புட்டரை டீ மேடையிலிருந்து ஓங்கி வீசினால், நேர்மாறாக வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டோடுகிறது. கடையில் விசாரித்தபோது, இடப்பக்கம் நன்றாக இழுக்கும் ஓவர்ஸ்டேபிள் புட்டர் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். அதை வாங்கினால் டீ மேடைச் சிக்கல் தீரலாம், ஆனால் கூடையருகே இன்னும் மோசமாகாதா என்று அஞ்சுகிறேன். எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

சங்கிலிச்சத்தம் (தம்பெரெ) பதில்:

நண்பரே, கேள்வியை விவரமாக எழுதியதால் பதில் சொல்வது எளிதாகிறது. ஒரே டிஸ்க் மெதுவாகப் போகும்போது இடப்பக்கமும் வேகமாகப் போகும்போது வலப்பக்கமும் தவறுகிறது என்றால், குறை டிஸ்க்கில் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. வலக்கை பேக்ஹேண்டில் எறியப்படும் எந்த டிஸ்க்கும் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகம் மிகுந்திருக்கையில் வலப்பக்கம் சாய முற்படுவதும், வேகம் குன்றியதும் இடப்பக்கம் சரிவதும் அதன் இயல்பு. நீங்கள் சொல்லும் இரண்டு பிழைகளும் அந்த இயல்பு மிகைப்பட்டு வெளிப்படுவதுதான். மிகைப்படுத்துவது கையா டிஸ்க்கா என்று தெரியாமல் ஓவர்ஸ்டேபிள் வாங்கினால், நீங்கள் அஞ்சியதே நடக்கும்.

கூடையருகே நடப்பதை முதலில் பார்ப்போம். எழும்பி, தயங்கி, இடப்பக்கம் விழுவது மூக்கு உயர்ந்த வீச்சின் அடையாளம். டிஸ்க்கின் முன்விளிம்பைத்தான் இங்கே மூக்கு என்கிறோம். அது பின்விளிம்பைவிட உயர்ந்திருந்தால் காற்று அடிப்பரப்பில் மோதி டிஸ்க்கைத் தூக்கிவிடும். தூக்கிய அளவுக்கு முன்னோக்கிய வேகம் செலவாகிவிடும். எதிர்க்காற்றில் அந்தத் தூக்கல் பெருகுவதால்தான் கூடைக்கு மேலே பறக்கிறது. ஆகவே அமைதியான நாளில் தாழ்வாக விழுவதும் காற்று நாளில் மேலே போவதும் இரண்டு நோய்கள் அல்ல.

இதை உறுதிப்படுத்த, நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துக் கைப்பேசியில் மெதுவேகக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால், கையைவிட்டுப் புறப்பட்ட டிஸ்க்கை நீங்களே கவனியுங்கள்: கண் மட்டத்தில் விலகிச் செல்லும் டிஸ்க்கின் மேற்பரப்பில் அச்சிட்ட முத்திரை உங்களுக்குத் தெரிகிறது என்றால் மூக்கு உயர்ந்திருக்கிறது. விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தால் சரியாகப் போகிறது. திருத்தம் மணிக்கட்டில்தான். கெண்டியிலிருந்து காப்பி ஊற்றும்போது மணிக்கட்டு எப்படிக் கீழ்நோக்கி வளைகிறதோ, அந்த நிலையிலேயே டிஸ்க்கைக் கொண்டுவந்து விடுவியுங்கள். கட்டைவிரலையும் டிஸ்க்கின் மேலே சற்று அழுத்தி வையுங்கள்.

எதிர்க்காற்று (ஸ்டாக்ஹோம்) பதில்:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் டிஸ்க்கை முழுவதும் குற்றமற்றதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. தொடக்கநிலைப் பெட்டிகளில் எடை குறைந்த டிஸ்க்குகள் வருவதுண்டு. உங்கள் புட்டரின் அடியில் எழுதியிருக்கும் கிராம் எண்ணைப் பாருங்கள். அது 150ஐ ஒட்டி இருந்தால், காற்று அதை எளிதில் அலைக்கழிக்கும். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின், அதாவது பிடிஜிஏவின், விதிப்படி ஒரு டிஸ்க் அதன் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் எடை கொள்ளலாம். புட்டர்களின் விட்டம் பெரும்பாலும் 21 சென்டிமீட்டரை ஒட்டி இருப்பதால், மேல் வரம்பு ஏறத்தாழ 175 கிராம் ஆகிறது. பெரியவர்கள் புட்டிங்குக்கு, அதாவது கூடைக்குள் போடும் வீச்சுக்கு, 170 முதல் 175 கிராம் வரை எடுப்பதே வழக்கம்.

எதை வாங்குவது என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் முறையே வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு ஆகியவற்றைக் குறிக்கின்றன. திருப்பம் என்பது வேகமிருக்கையில் வலப்பக்கம் சாய்வது, சரிவு என்பது கடைசியில் இடப்பக்கம் இறங்குவது. உங்களுக்குத் தேவை, திருப்பம் 0, சரிவு 1 அல்லது 2 என்று இருக்கும் நேர்ப்போக்கான புட்டர். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் (2, 3, 0, 1) 1980களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. இன்றும் புதியவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடியது. டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் (2, 4, 0, 1) சற்றுக் கூடுதலாக மிதக்கும். இங்கே சுவீடனில் பலரின் பையில் காஸ்தாபிளாஸ்டின் பெர்க் (1, 1, 0, 2) இருக்கிறது. அது மிதப்பே இல்லாதது போல விழும் என்பதால் கூடையைத் தாண்டி ஓடாது, கூடைக்கு அருகே கொண்டுசேர்க்கும் அணுகுவீச்சுக்கு அருமையானது. ஆனால் எட்டு மீட்டரில் விழுந்துவிடும் டிஸ்க்கோடு போராடும் ஒருவருக்கு முதல் புட்டராக நான் அதைக் கொடுக்கமாட்டேன். கடைக்காரர் சொன்ன ஓவர்ஸ்டேபிள் கெட்ட டிஸ்க் அல்ல. பலத்த காற்றுக்கு அது வேண்டும். ஆனால் அது இரண்டாவது ஆண்டின் கொள்முதல்.

எதை எடுத்தாலும் ஒரே வார்ப்பில், ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே எடையில் இரண்டு மூன்று எடுங்கள். பயிற்சியில் ஒவ்வொரு முறையும் கை உணரும் பொருள் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

புதுக்கை:

இருவருக்கும் மிக்க நன்றி. நண்பர் ஒருவர் காணொளி எடுத்துக் கொடுத்தார். ஐந்து மீட்டரில் டிஸ்க் தட்டையாகவே போகிறது. தொலைவு கூடக் கூட, எட்டவைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் மணிக்கட்டு பின்னே மடிந்து மூக்கு வானத்தைப் பார்ப்பது தெளிவாகத் தெரிந்தது. எடையையும் பார்த்தேன், 158 கிராம். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கடையில் சில புட்டர்களின் விளிம்புக்கு அடியில் தடித்த வளையம் ஒன்று ஓடுகிறது, சிலவற்றில் இல்லை. எது நல்லது? மேலும், நண்பர்களில் ஒருவர் மணிக்கட்டைச் சுண்டி நேராக வீசுகிறார், இன்னொருவர் கால்களை மடக்கி நிமிர்ந்து, கூடைக்குள் மெல்லத் தள்ளிவிடுவது போல வீசுகிறார். யாரைப் பின்பற்றுவது?

தேவதாரு (ஒவுலு) பதில்:

தம்பி, அந்த வளையத்துக்கு பீட் என்று பெயர். கை பெரிதாக இருப்பவர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். விரல்கள் குட்டையான எனக்கு, விரல் வளைந்து உள்ளே பதிவதற்கு அது இடைஞ்சல். பறப்பதில் உள்ள வேறுபாட்டைவிடக் கையில் உள்ள வேறுபாடே பெரிது. ஆகவே கடையில் நின்று ஒவ்வொன்றையும் பிடித்துப் பாருங்கள். புட்டிங் பிடியிலேயே பிடிக்க வேண்டும்: கட்டைவிரல் மேலே, சுட்டுவிரல் விளிம்பை ஒட்டி அல்லது அதன் கீழே, மற்ற விரல்கள் அடிப்பரப்பில் சற்று விரிந்து. பிடித்துவிட்டுக் கையைத் தளர்த்தும்போது எந்த விரலும் விளிம்பில் சிக்காமல் டிஸ்க் விடுபட வேண்டும். சிக்கினால், எவ்வளவு புகழ்பெற்ற புட்டராக இருந்தாலும் கூடையருகே கடைசிக் கணத்தில் அது உங்களை ஏமாற்றும்.

வீசும் முறை பற்றி: சுண்டி வீசுவதை ஸ்பின் புட் என்றும், தள்ளி வீசுவதை புஷ் புட் என்றும் சொல்வார்கள். புஷ் முறையில் உந்துதல் காலிலிருந்து வருகிறது. மணிக்கட்டு ஏறக்குறைய அசையாமல் இருக்க, டிஸ்க் சிறிய வில்லாக எழும்பிக் கூடைக்குள் தளர்ந்து இறங்கும். தவறினாலும் கூடைக்கு அருகிலேயே விழும் என்பது அதன் பெரிய லாபம். ஆனால் சுழற்சி குறைவு என்பதால் காற்று அதை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகும். ஸ்பின் முறையில் டிஸ்க் நேர்கோட்டில் விரைந்து செல்லும், காற்றைத் தாங்கும், தொலைவுக்கும் எட்டும். தவறினால் அதே விரைவில் கூடைக்குப் பின்னே பத்து மீட்டர் போய் நிற்கும். ஆட்டக்காரர்களில் பலர் இரண்டையும் கலந்தே வீசுகிறார்கள். உங்கள் சிக்கல் தொலைவில் மணிக்கட்டு மடிவது என்பதால், ஒரு மாதம் புஷ் முறையிலேயே ஆடுங்கள் என்பேன். பலத்தைக் காலுக்கு ஒப்படைத்துவிட்டால், மடிவதற்கு மணிக்கட்டுக்குக் காரணமே இருக்காது. எடையை முன்காலுக்கு மாற்றும்போதே கை புறப்பட வேண்டும். விடுவித்த பிறகு உள்ளங்கையும் விரல்களும் கூடையை நோக்கி நீண்டு நிற்கட்டும்.

ஒன்றைச் சொல்லிவைக்கிறேன், போட்டிகளில் இதை அறியாமல் தண்டனை வாங்குபவர்கள் உண்டு. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வீசும்போது, வீசிய வேகத்தில் முன்னே காலெடுத்து வைக்கக் கூடாது. டிஸ்க் கிடந்த இடத்தைக் காட்ட வைக்கும் குறிவட்டுக்குப் பின்னால் சமநிலையோடு நின்றுகாட்டிய பிறகே நகர வேண்டும். எடையை முன்காலுக்கு மாற்றும் புஷ் முறையில் உடல் தானாகவே முன்னே போகப் பார்க்கும். வீட்டுப் பயிற்சியிலேயே பின்காலைக் காற்றில் நிறுத்திச் சமன் செய்யப் பழகிக்கொள்ளுங்கள்.

சங்கிலிச்சத்தம்:

தேவதாரு அக்கா சொன்னதோடு, டீ மேடைப் பகுதியை நான் முடித்துவைக்கிறேன், அது அந்தரத்தில் நிற்கிறது. வலப்பக்கம் கவிழ்ந்து உருள்வதற்கு எடைக்குறைவும் ஓரளவு காரணம்தான். ஆனால் புறப்படும்போதே டிஸ்க் நடுங்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். ஓடிவந்து முழுப் பலத்தோடு இழுக்கையில், பிடி தளர்ந்திருந்தாலோ கை வளைந்து சுற்றி வந்தாலோ, சுழலும் தளமும் போகும் தளமும் ஒன்றாக அமைவதில்லை. புட்டரின் விளிம்பு மழுங்கியது. வேகமான டிரைவர்கள் ஓரளவு மறைத்துவிடும் இந்தப் பிழையை அது மறைக்காது. அதனால்தான் டீ மேடையிலிருந்து புட்டர் வீசிப் பழகச் சொல்லி அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து, நான்கு விரல்களையும் விளிம்புக்குள் மடக்கி இறுகப் பிடித்து, மார்பை ஒட்டிய நேர்கோட்டில் இழுத்து வீசுங்கள். விடுவிக்கும்போது உடலிலிருந்து விலகியுள்ள வெளி விளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இதுவே ஹைசர் சாய்வு. நாற்பது மீட்டர் போனால் போதும். நடுங்காமல், நிமிர்ந்து, கடைசியில் மெல்ல இடப்பக்கம் இறங்கினால் வீச்சு சரி. அதன் பிறகே பலத்தைக் கூட்டுங்கள். வீசிய கையின் உள்ளங்கை முடிவில் மேல்நோக்கிப் புரண்டிருந்தால், மணிக்கட்டு உருண்டு டிஸ்க்கை வலப்பக்கம் கவிழ்த்திருக்கிறது என்று பொருள்.

இந்த வேலைக்குப் புட்டிங் டிஸ்க்கைப் பயன்படுத்தாதீர்கள். கூடைக்கு, மலிவான, பிடிமானமுள்ள அடிப்படைப் பிளாஸ்டிக் நல்லது. அது சங்கிலியில் மோதும்போது எகிறாமல் தங்கும். ஆனால் நம் ஊர்ப் பைன் மரங்களில் தொடர்ந்து மோதினால் அதன் விளிம்பு சிதைந்து, போக்கே மாறிவிடும். அதே வார்ப்பில் உறுதியான, விலை கூடிய பிளாஸ்டிக்கில் ஒன்றை எறிவதற்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கை:

பீட் இல்லாத ஏவியார் கைக்கு ஒட்டியது. அடிப்படைப் பிளாஸ்டிக்கில் 173 கிராமில் இரண்டும், எறிவதற்கு உறுதியான பிளாஸ்டிக்கில் ஒன்றும் எடுத்திருக்கிறேன். புஷ் முறையில் எட்டு மீட்டரிலிருந்து வீசினால் இப்போது தவறுபவையும் கூடையின் காலடியிலேயே விழுகின்றன. இடப்பக்கச் சரிவு பெரும்பாலும் நின்றுவிட்டது. டீ மேடையில் நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, பழகி வருகிறேன். அக்கா, ஒவுலுவில் பனி நீண்ட காலம் இருக்கும் அல்லவா, குளிர்காலத்தில் இதே டிஸ்க்குகளைப் பயன்படுத்தலாமா?

தேவதாரு:

பயன்படுத்தலாம் தம்பி. குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும் என்பதால், உங்கள் அடிப்படைப் பிளாஸ்டிக் கோடையில் இருந்ததைவிடக் கல்லாகத் தோன்றும், சங்கிலியில் பட்டு எகிறவும் செய்யும். அப்போது அதே வார்ப்பில் மென்மையான பிளாஸ்டிக்கில் ஒன்று வைத்திருப்பவர்கள் உண்டு. புட்டிங் கைக்கு உறை போடாமல், இரண்டு வீச்சுகளுக்கு நடுவே சட்டைப்பையில் வெப்பப்பொதியோடு வைத்துக்கொள்ளுங்கள்; விரல் மரத்துப்போனால் டிஸ்க் எப்போது விடுபட்டது என்றே தெரியாது. புதுப்பனியில் டிஸ்க் விளிம்போடு செங்குத்தாகச் செருகி மறைந்துவிடும் என்பதால், நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் அடிப்பரப்பின் நடுவில் ஒரு மீட்டர் நீளத் துணிநாடாவை ஒட்டுநாடாவால் ஒட்டி வீசுங்கள். நாடாவின் வால் பனிக்கு மேலே கிடக்கும். அடிப்பரப்பை நன்றாகத் துடைத்து, வீட்டுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். வெளியே வந்து ஒட்டினால் முதல் வீச்சிலேயே கழன்றுவிடும்.