உறைபனிக் காலையில் ஏ.டி.வி. (கரடுமுரடான தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) எஞ்சின்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

முகிலன்: சித்தப்பா, இரவு மைனஸ் 15 டிகிரி வரை இறங்கிவிட்டது. ஏ.டி.வி. அரை மணி நேரமாக ஸ்டார்ட் ஆகவே இல்லை. சோக்கை முழுவதும் இழுத்து, ஆக்சிலேட்டரையும் அழுத்திக்கொண்டுதான் செல்ஃப் அடிக்கிறேன். இரண்டு முறை பற்றுவதுபோல் இருமிவிட்டு அணைந்துபோனது.

சித்தப்பா: முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடு, தம்பி. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் சோக் என்பது அதற்கென்றே வைத்த தனி வழி. எஞ்சின் உறிஞ்சும் பலத்தில்தான் அந்த வழியே பெட்ரோல் ஏறும். நீ ஆக்சிலேட்டரை அழுத்தினால் காற்று தாராளமாக உள்ளே புகுந்து, அந்த உறிஞ்சல் தளர்ந்து, சோக் இழுத்தும் பயனில்லாமல் போய்விடும்.

கயல்விழி: முகிலா, ஷெட் கதவு திறந்திருக்கிறதா? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓட விடாதே.

முகிலன்: இப்போது முழுவதும் திறந்துவிட்டேன், அக்கா. சித்தப்பா, செல்ஃப் இப்போது சுற்றவே திணறுகிறது. பிறகு வெறும் ‘டக் டக்’ சத்தம் மட்டும் வருகிறது.

சித்தப்பா: பேட்டரி களைத்துவிட்டது. ஈய-அமில பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதே நேரத்தில் ஆயிலும் கெட்டியாகி எஞ்சினைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சற்று நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடு. ஆனால் அதற்கு முன் பெட்டியின் பக்கங்களைத் தடவிப் பார். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் தண்ணீரைப்போல் நீர்த்துவிடுவதால் எளிதில் உறையும்; பக்கங்கள் உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, வெடிக்கும் அபாயம் உண்டு.

முகிலன்: உப்பவில்லை. 12.1 காட்டுகிறது. சார்ஜில் போட்டுவிட்டேன்.

சித்தப்பா: அது ஏறும் வரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடு.

முகிலன்: முனை கறுப்பாக நனைந்திருக்கிறது, துணியால் துடைத்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது.

சித்தப்பா: அப்படியென்றால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. பிளக்கை நன்றாகக் காயவைத்து மாட்டு. இந்த நிலைக்கு மட்டும் நான் முன்னே சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: சோக்கை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி ஐந்து விநாடி செல்ஃப் அடித்தால், தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். அப்படியே பற்றிக்கொண்டால் உடனே விரலை எடுத்துவிடு. பற்றாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து, சோக்கை இழுத்து, விரல் படாமல் மறுபடி அடி. ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

கயல்விழி: எங்கள் வண்டி ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். அதற்கும் இதே முறைதானா, சித்தப்பா?

சித்தப்பா: இல்லையம்மா, அதில் நீ இழுக்கச் சோக்கே இருக்காது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ‘உய்ங்’ என்று இரண்டு மூன்று விநாடி ஓடும். அது நின்ற பிறகு செல்ஃப் அடித்தால் போதும்.

முகிலன்: சித்தப்பா! பேட்டரியை மாட்டி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். சோக் இழுத்து இரண்டாவது தடவை அடித்ததும் பிடித்துக்கொண்டது. இப்போது கதவருகே ஓடிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பா: மிகவும் மகிழ்ச்சி. ஆக்சிலேட்டரை அழுத்தாமல் சில நிமிடங்கள் அப்படியே ஓட விடு. ஓட்டம் சீரானதும் சோக்கைப் பாதியாக்கி, பிறகு முழுவதும் அணை. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்ட்டும் குளிரில் விறைத்திருக்கும், ஆகவே எடுத்த எடுப்பில் வேகம் வேண்டாம். ஆமாம், என்ன ஆயில் ஊற்றியிருக்கிறாய்?

முகிலன்: டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறது.

சித்தப்பா: இந்தக் குளிருக்கு அது மிகவும் கெட்டி. வண்டியின் கையேட்டில் மைனஸ் வெப்பநிலைக்கென்று குறித்திருப்பதைப் பார். பெரும்பாலும் 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 ஆக இருக்கும். வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஓட்டிவிட்டு வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழையதை வடித்துவிடு.