பி.டி. கத்தரிக்கு ஒரு சொல், கமலா நெல்லுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

உழவர்களுக்கான துண்டுப் பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி எல்லாம் புழுவைத் தடுக்க ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்தவை. 2025 மே மாதம் தில்லியில் அறிவித்தார்களே, சம்பா மசூரியிலிருந்து உருவாக்கிய கமலா நெல், அது வேறு வகை. அதில் வெளி மரபணு கிடையாது, நெல்லின் சொந்த மரபணு ஒன்றைச் சின்னதாக வெட்டி முடக்கியிருக்கிறார்கள், கதிரில் மணி கூடுகிறது. சட்டமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. வெளி மரபணு இல்லாத இந்த வகைக்கு, இத்தகைய பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியமான பிரிவுகளிலிருந்து 2022 மார்ச்சில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நம் செய்தித்தாள்களில் இரண்டும் ‘மரபணு மாற்றப்பட்ட’தான். நான் முதலாவதற்கு ‘மரபணு மாற்றிய’, இரண்டாவதற்கு ‘மரபணு திருத்திய’ என்று போட்டேன். வரைவைப் படித்த உழவர் ஒருவர், “திருத்தினா மாறாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதானே. உதவுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து

* * *

தம்பி, சொல்லைத் தேடுமுன் சந்தியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய வரைவின் தலைப்பு ‘மரபணு மாற்றுப் பயிர்கள்’. இந்த ‘ப்’ எங்கிருந்து வந்தது? ‘மாற்று’ வினைத்தொகை என்றால் வல்லினம் மிகாது, சுடுசோறு, குடிதண்ணீர் போல. ‘ப்’ போட்டால் பெயர்ச்சொல் ஆகிவிடும், மாற்றுத்துணி, மாற்றுச்சாவி மாதிரி பதிலுக்கு வைத்த பயிர். உணவோடு புணர்த்திப் பாருங்கள், மாற்றுணவு! சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. ‘மரபணு மாற்றிய கத்தரி’ என்றால் மாற்றியது யார், கத்தரியா?

என் பரிந்துரை ‘மரபுதிரி’. தொல்காப்பியர் மரபியலிலேயே சொல்லிவிட்டார், “மரபுநிலை திரியிற் பிறிதுபிறி தாகும்”. இதைவிட என்ன வேண்டும்? அந்த இயலின் முதல் அடியே “மாற்றருஞ் சிறப்பின் மரபியல் கிளப்பின்” என்றுதான் தொடங்குகிறது. மாற்ற அரிய மரபு! நம் ஆட்கள் அதையும் மாற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.

தஞ்சையிலிருந்து

* * *

புலவர் ஐயா, அவித்த முட்டை என்கிறோம், முட்டையா அவித்தது? பெயரெச்சத்தில் இது சகஜம், விட்டுவிடுங்கள். ‘மரபுதிரி’ சரிப்படாது. திரிந்த பாலைப் பார்த்தவர் யாரும் ‘திரிந்த’ என்று பெயர் வைத்த கத்தரிக்காயை வாங்க மாட்டார்கள்.

உங்கள் யாருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று சந்தையில் இருக்கிறது. நாட்டு ரகம் விற்பவர்கள் பையில் ‘மரபு விதை’ என்று எழுதுகிறார்கள். எதிர்ப்பவர்கள் ‘மரபணு விதை வேண்டாம்’ என்று தட்டி வைக்கிறார்கள். ஓரெழுத்து, ஈரெழுத்து வித்தியாசம், பொருள் நேர் எதிர். “இது மரபணு கத்தரிக்காயா?” என்று கேட்கிறார்கள், மற்றக் கத்தரிக்காயில் மரபணுவே இல்லாத மாதிரி. காவல் நிலையச் செய்தியில் மரபணுச் சோதனை என்றால் டி.என்.ஏ. இதற்கு மேல் வீரிய ஒட்டு ரகத்தையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் பாதிப் பேர்.

கோவையிலிருந்து

* * *

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் ‘அணு’. அது வடசொல், பொருளும் தவறு. ‘மரபீனி’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, மரபை ஈனுவது. மரபீனி மாற்றம், மரபீனித் திருத்தம். அழகாக உட்காருகிறது. இருபது வருடம் கழித்து நம் பிள்ளைகள் வாயில் இதுதான் நிற்கும், நாம் பயந்தால் எதுவும் நிற்காது.

சேலத்திலிருந்து

* * *

‘அணு’ வடசொல் என்று யார் சொன்னது? அண், அண்மை, அணை, அணுகு என்று வரும் வேரைப் பாருங்கள். நெருங்கி நிற்கும் துகள்கள், ஆகவே அணு. இதற்குத் தனி இழையே தொடங்கலாம்.

மதுரையிலிருந்து

* * *

தொடங்குங்கள் ஐயா, அங்கே போய்ப் பேசுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை கெடு.

ஈரோடு

* * *

தம்பி, எங்கட பாடப்புத்தகங்களில் ‘மரபணு’ இல்லை, ‘பரம்பரையலகு’. துறைக்குப் பிறப்புரிமையியல் என்று பெயர். நீங்கள் திடீர் மாற்றம், சடுதிமாற்றம் என்பதை நாங்கள் ‘விகாரம்’ என்றுதான் படித்தோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார், அங்கே விகாரம் என்றால் அவலட்சணமாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

யாழ்ப்பாணத்து ஐயா வாழ்க! விடை கிடைத்துவிட்டது. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூங்கொடியில் ஓரெழுத்து புதிதாகத் தோன்றியது. பொற்குடத்தில் ஓரெழுத்து திரிந்தது. மரவேரில் ஓரெழுத்து கெட்டது. மரபணுவும் எழுத்துத்தொடர்தானே! தில்லிப் பல்கலைக்கழகத்துக் கடுகில் பாக்டீரியா மரபணுக்களைச் சேர்த்தார்கள், அது தோன்றல். கமலா நெல்லில் எழுத்துகளை நீக்கினார்கள், அது கெடுதல். ஆகவே தோன்றல் விகாரப் பயிர், கெடுதல் விகாரப் பயிர்.

தஞ்சை

* * *

ஐயா, இலக்கணமாகப் பார்த்தால் அபாரம், இதை வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆனால் ‘கெடுதல் விகார நெல்’ என்று பிரசுரத்தில் போட்டால் அந்த நெல்லின் கதை அன்றோடு முடிந்தது.

கோவை

* * *

முடிந்தால் என்ன? நடுநிலை என்ற பெயரில் கம்பெனிக்காரனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறோம். ‘திருத்திய’ என்றால் பழையது தப்பு என்றாகிறது. ‘மலட்டு விதை’ என்று ஊரே சொல்கிறது, அதைப் போடுங்கள். 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்தி வைக்குமுன் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டார், அதில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நம் சொல் அங்கே ஏறவே இல்லை.

திருநெல்வேலியிலிருந்து

* * *

எதிர்க்க ஆயிரம் காரணம் இருக்கலாம், விதைக்காக ஆண்டுதோறும் கடைக்குப் போவது, பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.க்கு அசராமல் திரும்பி வந்தது, எல்லாம் நியாயம். ஆனால் ‘மலட்டு விதை’ தவறு. முளைக்காத விதை தரும் அந்த நுட்பம் விற்பனைக்கு வரவே இல்லை. பி.டி. பருத்தி விதை முளைக்கும், அது வீரிய ஒட்டு என்பதால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது, அவ்வளவுதான். அப்புறம், நிறுத்தி வைத்த கத்தரி ரகங்களில் எங்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியவையும் உண்டு, எல்லாமே கம்பெனிக்காரனுடையவை இல்லை.

என் யோசனை: புதுச்சொல்லே வேண்டாம், செய்ததைச் சொல்லுங்கள். ‘அயல் மரபணு சேர்த்த’, ‘சொந்த மரபணு திருத்திய’. உழவரின் “திருத்தினா மாறாதா”வுக்கும் இதில் பதில் இருக்கிறது.

கோவை

* * *

1994இல் அமெரிக்காவில் விற்ற ஃப்ளேவர் சேவர் தக்காளி? தக்காளியின் சொந்த மரபணுவையே தலைகீழாகத் திருப்பி உள்ளே வைத்தார்கள், சீக்கிரம் குழையாமல் இருக்க. அது அயலா, சொந்தமா?

மதுரை

* * *

அதில் அடையாளத்துக்காக ஒரு பாக்டீரியா மரபணுவும் கூடவே போனது, ஆகவே அயல்தான். தப்பித்தேன். ஆனால் நாளை ஒரு காட்டுத் தக்காளியின் மரபணுவை நாட்டுத் தக்காளியில் வைத்தால் தடுமாறுவோம், ஒப்புக்கொள்கிறேன்.

கோவை

* * *

பேசாமல் ஆங்கிலச் சுருக்கமாக ‘ஜி.எம்.’ (ஜெனட்டிகலி மாடிஃபைடு) என்று போடலாமே? 2013 ஜனவரி முதல் இந்த வகை உணவுப் பொட்டலத்தின் மேல் அந்த இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்று விதியே வந்தது. மக்கள் பார்க்கப் போவது அதைத்தான்.

சென்னையிலிருந்து

* * *

எங்கள் பஸ் டெப்போவில் ஜி.எம். என்றால் பொது மேலாளர், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வேறு சொல்லுங்கள்.

திருநெல்வேலி

* * *

அனைவருக்கும் நன்றி. கோவை அம்மா சொன்னபடி ‘அயல் மரபணு சேர்த்த பயிர்’, ‘சொந்த மரபணு திருத்திய பயிர்’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். ‘அயல்’ என்றால் வெளிநாடா என்று அச்சகத்தில் ஒருவர் கேட்டார், அடைப்புக்குறிக்குள் ‘வேறு உயிரியின்’ என்று சேர்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன பரம்பரையலகை அங்கே அனுப்பும் படிக்குத் தனியாகப் போடலாமா என்று யோசிக்கிறேன். நன்றிப் பட்டியலில் உங்கள் எல்லோர் பெயரும் வரும்.

ஈரோடு

* * *

மரபீனி இல்லாத பிரசுரத்தில் என் பெயர் வேண்டாம். எடுத்துவிடுங்கள்.

சேலம்