பார்படோஸில் எந்தக் கடற்கரைக்கு எந்த நாளில் செல்வது?

கேள்வி – நீலக்கரை

வரும் பிப்ரவரியில் எழுபது வயதைக் கடந்த என் தாயாருடனும் எட்டு வயது மகளுடனும் ஏழு நாள்கள் பார்படோஸில் தங்கவிருக்கிறோம். தெற்குக் கரையில், ராக்லிக்கு அருகில் அறை எடுத்திருக்கிறோம். நாளுக்கொரு கடற்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது மகளின் ஆசை. மணலில் நெடுந்தூரம் நடக்க இயலாத தாயாருக்கோ நிழலும் உட்கார ஓர் இடமும் வேண்டும். படங்களில் கண்ட அழகுக்காக பாத்ஷீபாவை முதல் நாளுக்கே குறித்து வைத்திருக்கிறேன். அங்கே குழந்தையோடு நீரில் இறங்கலாமா? வாடகைக் கார் எடுக்காமல் பேருந்திலேயே எல்லா இடங்களுக்கும் சென்று வர முடியுமா?

பதில் – அலைநோக்கி

பாத்ஷீபாவில் குழந்தையைக் கடலில் இறக்க வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தீவின் நீளம் சுமார் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர்தான் என்றாலும், கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் இரு வேறு கடல்களைப் போலவே நடந்துகொள்கின்றன. கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்று அட்லாண்டிக் பெருங்கடலின் முழு வேகத்தையும் பாத்ஷீபாவின் மீது கொண்டுவந்து மோதுகிறது. அலைச்சறுக்கு வீரர்கள் 'சூப் பௌல்' என்று போற்றும் அந்த அலைகள் நீந்துவோருக்கு ஏற்றவை அல்ல. ஆனால் கடல் வற்றி இறங்கும் நேரத்தில் பாறைகளுக்கு இடையே தங்கும் குட்டைகளில் உங்கள் மகள் காலை நனைத்து மகிழலாம். அடிப்பகுதி அரிக்கப்பட்டுக் காளான்போல நிற்கும் அந்தப் பெரும்பாறைகள் பழைய பவளத்திட்டிலிருந்து உடைந்து விழுந்தவை. நான் கண்ட கடற்கரைகளில் நெடுநேரம் பேசாமல் நின்றது அங்கேதான்.

குழந்தை நீந்துவதற்கு பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவைத் தேர்ந்தெடுங்கள். நிலம் வளைந்து அணைத்திருப்பதால் நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் 1919-ல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைக் கப்பல் கிடக்கிறது. மூச்சுக்குழாய் முகமூடி அணிந்து மேலே மிதந்தபடியே அதையும் அதைச் சுற்றி வாழும் மீன்களையும் பார்க்கலாம்.

பதில் – சவுக்குநிழல்

தாயாருக்காக ஆய்ஸ்டின்ஸுக்கு அருகிலுள்ள மியாமி கடற்கரையைச் சொல்வேன். அதன் இன்னொரு பெயர் என்டர்பிரைஸ். சவுக்கு மரங்களின் நிழல் அங்கே தாராளமாக உண்டு. ஒரு பக்கம் அலையடிக்க, மறுபக்கம் நீர் தணிந்திருப்பதால் இருவருக்கும் பொருந்தும். உங்கள் அறைக்கு அருகிலேயே ராக்லியையும் ஹேஸ்டிங்ஸையும் இணைக்கும் மரப்பலகை நடைபாதையும் இருக்கிறது. மணலில் கால் வைக்காமலே அவர் கடலையொட்டி மாலையில் நடக்கலாம்.

பேருந்து பற்றி: நான் சென்றபோது நீலநிற அரசுப் பேருந்து, மஞ்சள் சிற்றுந்து, வெள்ளை வேன் என எதில் ஏறினாலும் கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர்தான். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம். நிறுத்தப் பலகைகளில் நகரை நோக்கியது, நகரிலிருந்து வெளியே செல்வது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து நின்றால் போதும். வேன்களில் நெரிசல் அதிகம் என்பதால் தாயாருடன் செல்லும்போது நீலப் பேருந்துக்குக் காத்திருப்பதே நல்லது.

மகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லிவையுங்கள். கரையோரத்தில் சிறு பச்சை ஆப்பிள் போன்ற பழங்களுடன் நிற்கும் மஞ்சினீல் மரம் கடும் நஞ்சுடையது. மழையில் அதனடியில் ஒதுங்கினால்கூட அதன் பாலோடு கலந்து சொட்டும் நீர் தோலைக் கொப்புளமாக்கும். பல மரங்களில் சிவப்பு வண்ணப் பட்டையோ எச்சரிக்கைப் பலகையோ இருக்கும். எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. படையினர் அணியும் கலவைநிற உடை அங்கே பொதுமக்களுக்குச் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. குழந்தைகளுக்கும் விலக்கில்லை என்பதால் பெட்டி கட்டும்போதே பார்த்துவிடுங்கள்.

நீலக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. பாத்ஷீபாவை நீந்தும் நாளாக அல்லாமல் பார்க்கும் நாளாக மாற்றிவிட்டேன். மேற்குக் கரையில் எப்போதும் அலை இருக்காது என்று படித்தேனே, அதை நம்பி பேய்ன்ஸ் விரிகுடாவுக்கு ஒரு நாளை உறுதி செய்துவிடலாமா?

பதில் – அலைநோக்கி

'எப்போதும்' என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் உருவாகும் புயல்களின் பேரலைகள் வெகுதூரம் பயணித்து மேற்குக் கரையையும் வந்தடையும். அந்த நாள்களில் அதுவரை குளம்போல் கிடந்த நீர் கலங்கி, கரையேறவே சிரமமாகிவிடும். எனவே நாளை முன்கூட்டியே உறுதி செய்யாமல், அன்று காலை கடலின் நிலையைக் கேட்டறிந்து புறப்படுங்கள். அமைதியாக இருந்தால் அங்கே கடலாமைகளைக் காணும் வாய்ப்பு மிகுதி. படகுக்காரர்கள் தீனி போட்டு அவற்றை அழைப்பதுண்டு. மகளிடம் தொடாமல், துரத்தாமல், சற்றுத் தள்ளியே மிதக்கச் சொல்லுங்கள்.

பதில் – கரைவாசம்

என் கருத்து சற்று மாறுபட்டது. ஏழு நாள்களுக்கு ஏழு கடற்கரை என்றால் தாயாருக்குப் பேருந்துப் பயணமே மிஞ்சும். மியாமிக்கும் கார்லைலுக்கும் இரண்டிரண்டு நாள், கிழக்கே ஒரு நாள், மேற்கே ஒரு நாள் வைத்து, மீதி ஒன்றை அறைக்கு அருகிலுள்ள அக்ரா கடற்கரைக்கு விட்டுவிடுங்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கும் கரை அது. செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே விரியும் கிரேன் கடற்கரை கண்ணைக் கவரும் என்றாலும், அங்கே அலை வலியது. தாயாரை மேலேயே அமர்த்திப் பார்க்கச் செய்வதானால் மட்டும் கிழக்குக் கரை நாளோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.