4-3-3-ல ஃபுல்பேக் ஏறினா பின்னாடி ஓட்டை: யோசனை சொல்லுங்க

வணக்கங்க. திருப்பூர் பக்கம் ஒரு லெவன்ஸ் ஃபுட்பால் டீமுக்கு ஃபார்மேஷன்ல (ஆளுங்களை நிறுத்தற முறையில) உதவி வேணுங்க.

இப்ப ஆடறது 4-3-3, அதாவது பின்னாடி நாலு, நடுவுல மூணு, முன்னாடி மூணு பேர். நடு மூணுல தடுப்புக்கு நிக்கற டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ஒருத்தர்தான். பந்து நம்ம கால்ல இருக்கறப்ப ரெண்டு ஃபுல்பேக்கும் (பின்வரிசையில ஓரத்துல நிக்கறவங்க) ஒண்ணா மேல ஏறிடறாங்க. பந்து பறிபோனா பின்னாடி மிஞ்சறது ரெண்டு சென்டர்பேக்கும் (பின்வரிசையில நடுவுல நிக்கறவங்க) அந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும் மட்டும். எதிரணி ஓரத்துல நீளமா ஒரு பந்து போட்டா, அதைப் பிடிக்க சென்டர்பேக் ஓரத்து லைனுக்கு இழுபடறாரு. அவர் விட்டுட்டுப் போன இடத்துல இன்னொருத்தன் வந்து அடிச்சுடறான்.

மைதானம் 55 மீட்டர் அகலந்தான். செம்மண் காய்ஞ்சு கெட்டியா இருக்கறதால பந்து நெஞ்சு உயரத்துக்குத் துள்ளுது. பின்னாலிருந்து தரையோட பாஸ் குடுத்து ஏற முடியலைங்க.

4-2-3-1 போட்டா டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ரெண்டு பேராகி ஓட்டை அடைபடும், ஆனா ஸ்ட்ரைக்கர் தனியாயிடறாரு. 3-5-2-க்கு 90 நிமிஷமும் ஓரத்துல ஏறி இறங்கற விங்பேக் ரெண்டு பேர் வேணும், நம்மகிட்ட ஒருத்தர்தான்.

அதனால 4-3-3-யையே வச்சுக்கிட்டு, பந்து இருக்கற பக்கத்து ஃபுல்பேக் மட்டும் ஏற, மறுபக்கத்தவர் சென்டர்பேக்குகளை ஒட்டி உள்ள வந்து மூணாவது ஆளா நிக்கறதுதான் சரின்னு படுது. சிக்கல் ஒண்ணுதான்: ஏறினவர் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஓரத்தை யார் மூடறது? டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் போனா நடு மறுபடி காலி. அந்தப் பக்கத்து சென்டர் மிட்ஃபீல்டர் போனா, எதிரணி தலையால தட்டி விடற பந்தைப் பொறுக்க ஆளில்லை.

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் கோச்சிங் குடுக்கற அண்ணாங்க, இதை எப்படிப் பழக்கறீங்க? எத்தனை பேரை வச்சு, எவ்வளவு இடத்துலன்னும் சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்குங்க.